ஏழரை நிமிசக் கேத்தல்

வாடா பேராண்டி, இஸ்தோப்புல வந்து உக்காரு. பௌதிகவியல்ல ஏ எடுத்த புள்ளைய நிக்க வைக்கக் கூடாது, படிச்சதெல்லாம் கால் வழியா எறங்கிப் போயிரும். அப்பாயி வெறகு அடுப்புல தண்ணி வச்சிருக்கா, பிளேன்டீ வரும். உன் கேத்தலை இன்னைக்கும் தொட வேணாம். ஏன்னு உனக்கும் எனக்கும் தெரியும். மத்தவங்களுக்கும் தெரியட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாவே பேசுறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாத.

தீபாவளிக் காசுல கேத்தல் வாங்கிட்டு வந்த. அடியில பாத்தா 1500 வாட்ஸ், ஒண்ணே முக்கால் லீட்டர். நல்ல சாமான். மொத நாள் பெரியம்மா காம்பிராவுல வச்சுப் பாத்த, ஆறரை நிமிசத்துல கொதிச்சுது. நம்ம காம்பிராவுக்குக் கொண்டாந்து வச்ச, ஏழரை நிமிசம் ஆச்சு. போன்ல நேரம் புடிச்சு, மூணு தரம் வச்சுப் பாத்து, மூணு தரமும் ஏழரைதான்னு எழுதியும் வச்ச. அதுக்கு நீ சொன்ன காரணம் என்னென்ன? நம்ம பக்கத்துப் பீலித் தண்ணி ரொம்பக் குளுருன்ன. தூக்கிட்டு வர்றப்ப கேத்தல் குலுங்கிருச்சுன்ன. கடைசியில கடைக்காரன் ஏமாத்திட்டான், டவுனுக்குப் போயி சண்டை போடணும்னு சட்டையப் போட்ட. அப்பாயி பங்குக்கு, ஏழரைன்னாலே சனிதான்னு சொல்லி வெளக்கேத்தப் போயிட்டா. ரெண்டு பேருக்கு நாலு காரணம். கையில மீட்டர எடுக்கத்தான் ஒருத்தருக்கும் தோணல.

நான் ஒண்ணும் படிச்சவன் இல்ல. முப்பத்திரெண்டு வருசம் தேயிலைப் பேக்டரில கரண்ட் பாஸுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவன். எடுத்துக் குடுக்குறவன் கண்ணு வேலையில தான இருக்கும். வேலைய விட்டு வர்றப்ப ஒரு கிளாம்ப் மீட்டரோட வந்தேன். சொந்தக் காசுல வாங்கினது, யாரும் சந்தேகப்பட வேணாம்.

கேத்தல் பிளக்கைச் சொவத்துல இருந்து கழட்டுன்னேன். கழட்டின. மீட்டரை ஓம் அளக்குற பக்கம் திருப்பி, பிளக்குல கரண்ட் போற வர்ற ரெண்டு முள்ளுலயும் ஊசிய வைய்யின்னேன். வச்ச. கேத்தல் சுவிட்சைப் போட மறந்துட்டு, மீட்டர் ஒண்ணுமே காட்டலன்னு என்னய மொறச்ச. சுவிட்சைப் போட்டதும் 35 வந்துச்சு. இப்ப சொல்லுடா, 230 வோல்ட்டுக்கு 35 ஓம்னா எத்தனை அம்பியர்? அதுல நீ கெட்டிக்காரன்தான், மறுக்கல. 230ஐ 35ஆல வகுத்து 6.57ன்ன. அதை 230ஆல பெருக்கி 1511 வாட்ஸ்ன்ன. உன் புத்தகத்துல அதை உவாற்றுன்னு போட்டிருக்கான், வாயில வச்சா பல்லு ஆடும். அடியில எழுதியிருக்கிறது 1500, கணக்குல வந்தது 1511. அப்ப கடைக்காரன் யோக்கியன். நீ சட்டையக் கழட்டின.

அத்தோட விட்டிருக்கலாம். ஏ எடுத்த பயலை லேசா ஒரு சீண்டு சீண்டிப் பாக்கணும்னு எனக்கு வயித்துல ஒரு அரிப்பு. பழைய தகரப் பெட்டியில கெடந்த 100 வாட் குண்டு பல்பை எடுத்தேன். அடேய், மீட்டரை வைக்காம இதோட ஓம் என்னன்னு சொல்லு, சரியாச் சொன்னா உனக்கு நூறு ரூவா, தப்பாச் சொன்னா எனக்கு ஒரு கட்டு வெத்திலைன்னேன். நீ சிரிச்ச சிரிப்பு இருக்கே, ஆட்டுக்குட்டி புல்லப் பாத்த மாதிரி. 230ஐ 230ஆல பெருக்கி 100ஆல வகுத்து, 529 ஓம்னு ஒரு மூச்சுல சொன்ன. மீட்டரை வச்சோம். 38.

மீட்டர் கெட்டுப் போச்சு தாத்தான்ன. இப்பத்தான் கேத்தலுக்குச் சரியாக் காட்டின மீட்டர், நாலு நிமிசத்துல கெட்டுப் போச்சாம்!

கணக்கு தப்பில்லடா. கணக்கு போட்டது எரியிற பல்புக்கு, மீட்டர் வச்சது தூங்குற பல்புக்கு. எரியிறப்ப உள்ள இருக்கிற டங்ஸ்டன் கம்பி 2500 பாகைக்குக் கிட்ட போகுது. அந்தச் சூட்டுல அதோட தடை பத்து மடங்குக்கு மேல ஏறிருது. பச்சையா இருக்கிறப்ப அதுல 38தான். அதுனாலதான் குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடுற அந்த நொடியில பட்டுன்னு போகுது. அந்தக் கண்ணிமைக்கிற நேரம் அரை அம்பியர் குடிக்க வேண்டிய பல்பு ஆறு அம்பியர் இழுக்கும். கேத்தல்ல இருக்கிற கம்பி வேற ஜாதி, நைக்ரோம். சூடானாலும் அது கொணம் மாறாது, பச்சையில 35ன்னா கொதிக்கிறப்பவும் ஏறக்குறைய 35தான். மனுசனுக்குள்ளயும் பல்பு ஜாதி, கேத்தல் ஜாதின்னு ரெண்டு இருக்கு. உங்க பெரிய மாமா எந்த ஜாதின்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இந்த வோல்ட்டு, அம்பியர், ஓம் மூணையும் ஒரு கயித்துல கட்டிப் போட்ட ஜெர்மன்காரரு பேருதான் ஓம். பூட்டு செய்யிறவரோட மகன், பள்ளிக்கூட வாத்தியாரு. அவரு காலத்து பேட்டரிய நம்ப முடியாது, நேரத்துக்கு ஒரு பேச்சு பேசும். அதைத் தூக்கிப் போட்டுட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் சேத்து வச்சு, ஒரு முனைய கொதிக்கிற தண்ணியிலயும் மறு முனைய ஐஸுலயும் போட்டு, அதுல வந்த ஆடாத அசையாத கரண்டை வச்சு அளந்தாரு. பாத்தியா, அந்த ஆளுக்கும் கொதிதண்ணிதான் தொணை. 1827ல புத்தகமாப் போட்டாரு. அவரு ஊருல மதிக்கல. மனசு வெறுத்து வாத்தியார் வேலையவே விட்டாரு. 1841லதான் லண்டன் ராயல் சொசைட்டி மெடல் குடுத்துச்சு.

அவருக்கு முந்தியே இங்கிலீஸ்காரரு ஒருத்தரு, கேவண்டிஷ், இதே கணக்கைக் கண்டுபுடிச்சிருந்தாரு. மீட்டர் இல்லாத காலம். கரண்டைத் தன் ஒடம்புலயே வாங்கி, எவ்வளவு ஒதறுதுன்னு வச்சுத்தான் கூடக் கொறைய அளந்தாரு. கண்டுபுடிச்சதை யாருகிட்டயும் சொல்லாம எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. 1879ல மேக்ஸ்வெல் அந்தக் காயிதத்தை எல்லாம் எடுத்து அச்சடிச்சப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுது. நம்ம லயத்துலயும் ஒதறலை வச்சு கரண்ட் பாக்குற ஆளுங்க இருக்காங்க. வெரலை வச்சுப் பாத்து, இருக்கு, இருக்கும்பாங்க. அவங்களுக்கு மெடல் வராது, மாலைதான் வரும்.

சரி, கேத்தலுக்கு வா. கேத்தல்ல கொறை இல்லன்னா நம்ம காம்பிராவுல ஏன் ஏழரை? ஓடுறப்பவே அம்பியரை அளக்கணும்னு கிளாம்ப் மீட்டரக் குடுத்தேன். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் தொறந்து, கேத்தல் வயர் மேல அப்படியே கவ்வ விட்ட. தண்ணி சொய்ங்குது, மீட்டரு பூச்சியம் காட்டுது. நீ மறுபடியும் மீட்டர் கெட்டுப் போச்சுன்னு சொல்ல வாயெடுத்த. நான் பாத்த பார்வையில முழுங்கிட்ட.

அந்த வயருக்குள்ள போற கம்பியும் இருக்கு, வர்ற கம்பியும் இருக்கு. ரெண்டையும் சேத்துக் கவ்வினா போறதும் வர்றதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், மீட்டருக்கு மிஞ்சுறது பூச்சியம். ஒத்தக் கம்பியத்தான் கவ்வணும். அதுக்குன்னே கம்பிகளைத் தனித்தனியாப் பிரிச்ச ஒரு முழ வயரு என்கிட்ட இருக்கு, அதை நடுவுல போட்டோம். அந்தப் பூச்சியத்தை மட்டும் மறந்துராத, கூரையில ஏறுறப்ப தேவப்படும்.

இப்ப மீட்டர் காட்டினது 6.1 அம்பியர். கேத்தல்கிட்ட வோல்ட்டைப் பாத்தோம், 213. பெரியம்மாவ அங்க மெயின்கிட்ட நிக்க வச்சுப் பாக்கச் சொன்னோம், 230. 213ஐயும் 6.1ஐயும் பெருக்கு, 1299 வாட்ஸ். ஆக கேத்தலுக்கு வந்து சேர வேண்டியதுல இருநூறு வாட்ஸுக்கு மேல வரவே இல்ல. ஆறரை எப்பிடி ஏழரை ஆச்சுன்னு இப்பத் தெரியுதா? 1511ஐ 1299ஆல வகுத்து ஆறரையால பெருக்கிப் பாரு. சனி பகவான் நம்ம பக்கம் எட்டியே பாக்கல.

மெயினுக்கும் கேத்தலுக்கும் நடுவுல 17 வோல்ட்டு எங்க போச்சு? கொழுந்து நிறுக்கிறதை நீ பாத்திருக்க. உங்கம்மா இருவது கிலோ பறிச்சுக் கொண்டாந்து தொங்க விடுவா. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவாங்க. வயரும் கணக்கப்புள்ளை மாதிரிதான். கழிக்காம ஒரு அம்பியரையும் விடாது. கழிச்சதை என்ன பண்ணுதுன்னா, சூடா ஆக்கிருது. ஆனா நியாயமா எவ்வளவு கழிக்கலாம்னு ஒரு கணக்கு இருக்குல்ல? அதைப் பாத்தோம்.

நம்ம லயம் பன்னெண்டு காம்பிரா. மெயின் இருக்கிற மொத காம்பிரா, அதான் பெரியம்மா காம்பிரா, அங்க இருந்து நம்ம கடைசிக் காம்பிராவுக்கு வயரு ஏறி எறங்கி அம்பது மீட்டர். வர்றதுக்கு அம்பது. ஆக நூறு. போட்டிருக்கிறது ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, கடையில 1/1.13ன்னு கேட்டா குடுக்கிற வயரு, லைட்டுக்குன்னே உள்ளது. நூறு மீட்டருக்கு அதுல 1.7 ஓம் வரும். ஆனா 17 வோல்ட்டை 6.1ஆல வகுத்தா 2.8 வருது. 1.7 வயரோட பங்கு. மிச்சம் ஒரு ஓம் சொச்சம் யாரோட பங்கு? எந்தக் கணக்கப்புள்ளை திருடினான்?

நீ அந்த எடத்துல பேச்சில்லாம நின்ன. எனக்கு மட்டும் முதுகுல சில்லுன்னுச்சு. ஏன்னு பெறகு சொல்றேன்.

அந்த ஒரு ஓமுல 6.1 அம்பியர் போனா எவ்வளவு சூடு? அம்பியரை அம்பியரால பெருக்கு, 37. அதை ஒண்ணே காலால இல்ல, ஒண்ணு சொச்சத்தால பெருக்கு. நாப்பது வாட்ஸுன்னு வச்சுக்க. நாப்பது வாட்ஸ் பெரிசான்னு கேப்ப. ரேடியோ பழுது பாக்குறவன் ஈயம் உருக்குற சூட்டுக்கோல் இருக்கே, அது இருவத்தஞ்சுல இருந்து நாப்பது வாட்ஸ்தான். வயரு தின்னுற சூடு நூறு மீட்டருக்குப் பரவிப் போயிரும், கையில தெரியாது. இது பரவாது. மொச்சைக் கொட்டை அளவு எடத்துல கேத்தல் ஓடுறப்பல்லாம் ஒரு சூட்டுக்கோல் உன் கூரைக்குள்ள படுத்திருக்குன்னு அர்த்தம்.

மெயினை அணைச்சு, பெரியம்மாவ அதுக்குக் காவலா நிக்க வச்சுட்டு, டார்ச்சோட ஏறினோம். எட்டாவது காம்பிராவுக்கு நேரா, கரி படிஞ்ச மரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டு வயரையும் வெறும் கையால முறுக்கி, கறுப்பு டேப் சுத்தின ஒட்டு. டேப் உருகி வழிஞ்சு, தொட்டா பொடியாக் கொட்டுச்சு. உள்ள செம்பு கறுத்துப் போயிருந்துச்சு. அதுக்கு ஒரு சாண் தள்ளி, யாரோ மடிச்சு வச்ச பழைய சேலையும் பிளாஸ்டிக் தாளும். நீ அதைப் பாத்த பெறகு என் மூஞ்சியப் பாத்த. கணக்குப் புத்தகத்துல இல்லாத மொகம் அது.

டிரிப் சுவிட்ச் இருக்கே தாத்தா, அது ஏன் விழலன்னு கேட்ட. நல்ல கேள்வி, உன் ஏ வீண் போகல. அந்தப் பூச்சியத்தை நெனப்பு வச்சிருக்கியா? டிரிப் சுவிட்சுக்குள்ள இருக்கிறதும் அதே நண்டுக் கொடுக்குதான். போற கம்பியையும் வர்ற கம்பியையும் சேத்தே கவ்விக்கிட்டு இருக்கும். ரெண்டும் சமமா இருந்தா அதுக்குப் பூச்சியம், நிம்மதியாத் தூங்கும். எங்கயாவது ஒடம்பு வழியாவோ ஈரச் சொவரு வழியாவோ முப்பது மில்லி அம்பியர் வெளிய ஒழுகினா மட்டும் முழிக்கும். இங்க ஒண்ணும் ஒழுகல. போனதெல்லாம் திரும்பி வந்துச்சு, வழியில ஒரு எடத்துல கொதிச்சுட்டு வந்துச்சு. பியூஸும் பேசாது, ஆறு அம்பியர் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. இந்த ரெண்டு காவக்காரனும் கண்ணு முன்னால இருந்தும் திருடன் நடு வீட்டுல அடுப்பு மூட்டினான்.

லயம் எரிஞ்சா பேப்பர்ல என்ன போடுவாங்க? மின் ஒழுக்கு காரணமாகத் தீ ஏற்பட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. வெள்ளைக்காரன் காலத்துல கட்டின வரிசை, எல்லாத்துக்கும் ஒரே கூரை. ஒரு காம்பிராவுல பத்துனா அடுத்ததுக்குத் தாவ அதுக்கு அனுமதி வேணுமா? புள்ளைங்க சர்ட்டிபிகேட்டு, அடையாள அட்டை, கல்யாணத்துக்கு வச்சிருந்த நகை எல்லாம் ஒரு மணி நேரத்துல சாம்பல். கடைசியில பழியத் தூக்கி அந்த ஒரு சொல்லு மேல போட்டுருவாங்க. ஒழுக்குன்னு சொன்னா என்னமோ மழை ஒழுகின மாதிரி, ஆண்டவன் செயல் மாதிரி இருக்கு. நம்ம கூரையில இருந்தது ஒழுக்கு இல்லடா, முறுக்கு. கையால போட்ட முறுக்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கெழம, நாடு பூரா இருட்டுல கெடந்துச்சே, நெனப்பிருக்கா? பாணந்துறைத் துணை மின் நிலையத்துல ஒரு குரங்கு பட்டதுதான்னு அமைச்சரே சொன்னாரு. நீ விழுந்து விழுந்து சிரிச்ச. நம்ம கலஹாப் பக்கமும் குரங்குக்குப் பஞ்சமில்ல, ஆனா அதுக்கு டேப் சுத்தத் தெரியாது.

யாரு போட்டான்னு நீ கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். நான்தான். உங்கப்பன் கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி, வாசல்ல லைட்டுப் போடணும்னு அவசரம், வயரு ரெண்டு முழம் கொறைஞ்சுது. ரெண்டு நாளைக்குத்தான, பெறகு ஒழுங்காப் போட்டுக்கலாம்னு முறுக்கி டேப் சுத்தினேன். அந்த ரெண்டு நாளு முடிய இருவத்திரெண்டு வருசம் ஆயிருச்சு. பேக்டரில இப்பிடி ஒரு ஒட்டுப் போட்டிருந்தா பாஸ் என் காதைத் திருகியிருப்பாரு. வீடுன்னா நமக்கு ஒரு எளக்காரம்.

இத்தனை வருசம் ஏன் எரியலன்னு இதையும் கணக்காவே பாத்துரு. அப்ப அதுல ஓடினது ஒரு குண்டு பல்பு. அரை அம்பியருக்கும் கொறைவு, 0.43. கேத்தல் வந்ததும் 6.1. அம்பியர் பதினாலு மடங்கு கூடிருச்சு. சூடு பதினாலு மடங்கா கூடும்? பதினாலைப் பதினாலால பெருக்கு. ஏறக்குறைய இருநூறு மடங்கு. அன்னைக்குக் கால் வாட்டு கூட இல்லாத ஒட்டு, இன்னைக்கு நாப்பது வாட்டு. சூடு ஏற ஏற செம்பு கறுக்கும், கறுத்தா ஓம் கூடும், ஓம் கூடினா இன்னும் சூடு. கேத்தல், அயன், ரைஸ் குக்கர்னு வீட்டுல ஒவ்வொண்ணா வந்து ஏறுது, கூரைக்குள்ள மட்டும் அந்தப் பழைய பல்பு காலத்து வயரு.

தெல்தெனியப் பக்கம் விக்டோரியா அணைக்கட்டு 1985ல தொறந்தாங்க, 210 மெகாவாட்டு. உன் கேத்தல் மாதிரி ஒரு லட்சத்து நாப்பதினாயிரம் கேத்தலை ஒரே நேரத்துல கொதிக்க வைக்கலாம். அங்கயும் இதே கணக்கைப் போட்டுத்தான் கம்பிய இழுத்திருக்காங்க. அம்பியரைக் கூட்டி அனுப்பினா வழியிலயே கம்பி குடிச்சிரும்னு, வோல்ட்டை 220,000க்கு ஏத்தி, அம்பியரைக் கொறச்சு அனுப்புறாங்க. நம்மளால வோல்ட்டை ஏத்த முடியாது. ஓமைக் கொறைக்க முடியும். லைசன்ஸ் உள்ள கரண்ட் பாஸ் புதன்கெழம வர்றாரு. 7/0.67 வயரு, ரெண்டரை சதுர மில்லிமீட்டர், நூறு மீட்டருக்கு 0.7 ஓம்தான். ஒட்டே இல்லாம ஒரே இழுப்பு. அதைப் போட்டா கேத்தலுக்கு 1450 வாட்டாவது வந்து சேரும், நேரம் புடிச்சுப் பாரு. அதுவரைக்கும் வெறகு. ஜேம்ஸ் டெய்லர் தொரை 1867ல இந்தா பக்கத்துல லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயிலை போட்டப்ப, வெறுங்கையால உருட்டி, கரி அடுப்புல காய வச்சுத்தான் தேத்தண்ணி குடிச்சிருக்காரு. அவருக்கும் ஒண்ணும் கொறஞ்சு போகல.

இன்னும் ஒண்ணு சொல்லிடுறேன், நாளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்துல போயி தாத்தா தப்பாச் சொன்னாருன்னு சொல்லுவ. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினா வாட்ஸுங்கிறது சூடு போடுற சாமானுக்குச் சரி. மோட்டருக்கு வச்சா கூட்டிக் காட்டும், அதுக்குக் கழிக்க வேண்டியது வேற இருக்கு. கொழுந்து வாட்டுற பேனுக்கு நான் ஒரு தடவை இந்தக் கணக்கைச் சொல்லி, பாஸ் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. அந்தப் பாடத்தை நீ அங்க படிச்சுக்க. இங்கயிருந்து போற கலஹா ரோடு பல்கலைக்கழகத்துக்கு நடுவாலதான் போகுது. மகாவலிக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடம்.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற மத்தவங்களுக்கு: கேத்தலை ஒரு தரம் கொதிக்க விட்டுட்டு, சுவிட்சை அணைச்சுட்டு, கழட்டின பிளக்கைப் பொறங்கையால தொட்டுப் பாருங்க. சுட்டா, சனிக்கு வெளக்கேத்துற காசுல ஒரு கரண்ட் பாஸைக் கூப்பிடுங்க.

நீ எங்கடா எந்திரிக்கிற? முறுக்குப் போட்டது நான்தான், ஒத்துக்கிட்டேன். அதுக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்ல. 529ன்னு சொன்னது நீ, 38ன்னு காட்டினது மீட்டர். கலஹா டவுன்ல எறங்குறப்ப வெத்திலை ஒரு கட்டு. தளிரா பாத்து வாங்கு.